கூலி வேறு, செலவு வேறு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. புதுமனை எழுப்புவோரை நோக்கிக் கூறப்பட்ட எச்சரிக்கை அது. கட்டிய வீட்டைத் திருத்துவோரைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. ஆயினும், சிந்தித்துப் பார்க்குமிடத்து, திருத்துவோர் பாடே பெரும்பாடு என்பது புலனாகும். வெறுங்காணியில் வீடு எழுப்புவோர்க்கு மண்ணின் கீழ் இருப்பது ஒன்றே மறைபொருள். பழைய வீட்டைத் திருத்துவோர்க்கோ சுவரின் உள்ளும் கூரையின் மேலும் தரையின் கீழும் யாவும் மறைபொருள்களே. அத்துடன், அவர்கள் பெரும்பாலும் குடும்பத்துடன் அதே வீட்டிற் குடியிருந்தவாறே இப்பணியை மேற்கொள்ள வேண்டியவர்களாகின்றனர்.

இத்தகையோரிற் பலர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘மேசனுக்கு நாட்கூலி எவ்வளவு?’ இக்கேள்வியிற் பிழையில்லை. ஆனால், அதற்குக் கிடைக்கும் விடையையே வீட்டின் செலவென்று கொள்வதில்தான் பிழை உண்டு. கூலி வேறு, செலவு வேறு என்பதை இன்று சற்று விளக்கமாக ஆராய்வோம்.

ஒரு சிறு கணக்கினை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்யவேண்டும். இரு மேசன்மார் வருகின்றனர். முதலாமவர் கேட்கும் நாட்கூலியை 100 பங்கு என வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் 130 பங்கு கேட்கிறார். இருவருக்கும் சாந்து குழைத்துக் கொடுக்க ஓர் உதவியாள் வேண்டும். அவருடைய கூலி 70 பங்கு. முதலாமவர் அவ்வேலையை 8 நாளில் முடிக்கிறார். அவரது வேலைக்கான மொத்தக் கூலி 1,360 பங்கு. இரண்டாமவர் 6 நாளில் முடிக்கிறார். மொத்தக் கூலி 1,200 பங்கு. நாட்கூலி மிகுதியாகக் கேட்டவரே ஈற்றிற் குறைந்த செலவுக்கு உரியவராகின்றார். இதற்குமேல் இரண்டு நாள் தேநீர்ச் செலவும், இரண்டு நாட் சாரத்தின் வாடகையும், வீட்டுக்காரர் தம் அலுவலை விட்டு நின்ற இரண்டு நாளின் இழப்பும் மிச்சமாகின்றன. வேலையின் நேர்த்தியை இங்கு நாம் கணக்கிற் சேர்க்கவேயில்லை. ஆதலின், ‘கூலி எவ்வளவு?’ என்று கேட்பதோடு, ‘இவ்வளவு வேலைக்கு எத்தனை நாள் செல்லும்? உங்களுடன் எத்தனை பேர் வருவர்? இதற்குமுன் செய்த வேலையை எங்கே பார்க்கலாம்?’ எனவும் கேட்பது வேண்டற்பாலது. அவர் பூசிய சுவரை, பூசி ஒரு மாரி கழிந்தபின் சென்று பார்ப்பதைப் போன்ற நற்சான்று வேறில்லை.

இனி, தொழிலாளரை அமர்த்தும் முறைகளை நோக்குவோம். அவை பொதுவாக மூன்று வகைப்படும். ஒன்று நாட்கூலி. மற்றொன்று, பொருள்களை நாமே வாங்கிக் கொடுத்து வேலையை மட்டும் அளவின்படி பேசித் தீர்க்கும் கூலிக் கொந்தராத்து. மூன்றாவது, பொருளையும் கூலியையும் ஒருங்கே ஒருவரிடம் ஒப்படைக்கும் முழுக் கொந்தராத்து. இம்மூன்றிலும் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. நாட்கூலியில் வேலை நீளக்கூடும். கூலிக் கொந்தராத்தில் வேலை விரையக்கூடும். முழுக் கொந்தராத்தில் சீமெந்தின் அளவு சுருங்கக்கூடும். இதனைத் தொழிலாளரின் குறையென்று மட்டும் கூறுதல் நியாயமன்று. எம்முறையில் நாம் பணம் கொடுக்கின்றோமோ அம்முறையே வேலையின் போக்கையும் வகுக்கின்றது.

பழைய வீடு திருத்துவோர்க்கு ஏற்ற வழி யாது? உடைத்தல், கழற்றுதல், தோண்டிப் பார்த்தல் ஆகிய வேலைகளை நாட்கூலிக்கு விடுதல் நன்று. உள்ளே இருப்பது இன்னதென்று எவரும் அறியாத வேலைக்கு முழுத்தொகை பேசினால், பேசுபவர் தம் அச்சத்துக்கும் சேர்த்தே விலை கூறுவார். அன்றேல் குறைத்துக் கூறி, இடைநடுவில் மேலதிகம் கேட்பார். மறைந்திருந்தவை வெளிப்பட்ட பின்னர், புதிதாகக் கட்டவேண்டியதை அளந்து கொந்தராத்துக்குப் பேசலாம். வேலையை இவ்வாறு இரு கூறாகப் பிரிப்பதனாலேயே பல பிணக்குகள் தோன்றாமற் போகும்.

சுவரினுள் மறைந்திருப்பது எத்தகையது என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளே தக்க சான்று. காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது 1950 ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட வீடுகள் பல, சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. 1990 ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையின் உற்பத்தி நின்றுவிட்டது. அச்சுண்ணாம்புச் சுவர்களுட் பல இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் மெல்ல விட்டுவிடும். அதன்மேல் இறுக்கமான சீமெந்துப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடுகின்றது. ஈரத்திற் கரைந்த உப்பு பூச்சின் பின்னாற் படிந்து, சில மாரிகளுக்குள் பூச்சைப் பொருக்குப் பொருக்காகக் கழற்றிவிடுகின்றது. வீட்டுக்காரர் மேசனைக் குறைகூறுவார். மேசன் சீமெந்தைக் குறைகூறுவார். உண்மையிற் குறை இரண்டிலும் இல்லை. பொருந்தாத இரண்டைப் பொருத்தியதில்தான் உண்டு. இத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே உகந்தது. அவ்வேலை தெரிந்தவர் இந்நாளில் அரியர்; அவர் கூலியும் மிகுதியாக இருக்கலாம்; சுண்ணாம்பு இறுகுவதற்கு நாளும் செல்லும். எனினும், ஒருமுறை கொடுக்கும் கூடிய கூலி, இருமுறை கொடுக்கும் குறைந்த கூலியிலும் மலிவானதன்றோ?

சுவர் நேராக இல்லாவிடின் செலவு எவ்வாறு பெருகும் என்பதையும் கூறவேண்டும். நூறு சதுர அடிச் சுவருக்கு அரை அங்குலத் தடிப்பிற் பூச, ஏறக்குறைய 4 கன அடிச் சாந்து சுவரிற் சேரும். சுவர் கோணலாக இருந்து, அதனை நேராக்க ஓர் அங்குலம் பூசவேண்டி நேர்ந்தால், சாந்து 8 கன அடிக்கு மேலாகிவிடும். பொருட்செலவு இருமடங்கு, தடித்த பூச்சை இரு தடவையாகப் பூசவேண்டியிருப்பதாற் கூலியும் கூடும். ஆதலின் பூச்சு வேலைக்கு விலை பேசுமுன், நீண்ட சட்டமொன்றைச் சுவரிற் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை அது. அதனால் மிஞ்சும் பணமோ சிறிதன்று.

பொருள் வாங்குமிடத்தும் அளவறிதல் இன்றியமையாதது. நம் நாட்டில் மணலும் கருங்கற் சல்லியும் ‘கியூப்’ கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. வண்டிப் பெட்டி 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டதாயின், மணல் 2 அடி உயரத்துக்கு மட்டமாக நிற்றல் வேண்டும். நடுவிற் குவிந்து ஓரங்களிற் சரிந்திருப்பின் அளவு குறைவு. இன்னுமொன்று: சற்றே நனைந்த மணல், உலர்ந்த மணலைக் காட்டிலும் பருத்துத் தோன்றும், சில வேளைகளில் நாலில் ஒரு பங்கு வரையும் பருக்கும். ஈரமணலைக் கன அளவில் வாங்குவோர் வெற்றிடத்துக்கும் விலை கொடுக்கின்றனர். அதே மணலைப் பெட்டியால் அளந்து சாந்து குழைக்கும்போது கலவையில் மணலின் பங்கு குறைந்து, சீமெந்தின் பங்கு வேண்டுமளவிலும் கூடிவிடுகின்றது. இழப்பு இரு வழியாலும் வருகின்றது.

அடுத்து, வேலையின் ஒழுங்கு. திருத்த வேலையில் வீணாகும் பணத்திற் பெரும்பகுதி, செய்ததை உடைத்து மீண்டும் செய்வதனாலேயே வீணாகின்றது. முதலிற் கூரை, அடுத்துச் சுவரும் கதவு யன்னல் நிலைகளும், அதன்பின் மின்கம்பிக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும், பின்னர் பூச்சு, அதன்பின் தரை, ஈற்றில் வர்ணம். இவ்வொழுங்கு எல்லோரும் அறிந்ததே. ஆயினும், விருந்தினர் வருமுன் விறாந்தை அழகாக இருக்கவேண்டுமென்று தரையை முதலிற் பதித்து, பின்னர் கூரை ஒழுக்கினாலும் சாரத்தின் கால்களினாலும் அதனைப் பழுதாக்குவோர் பலர். மின்னிணைப்பு வேலையை, கைக்கெட்டிய ஒருவரிடம் விடாது, அதற்குரிய தகைமை பெற்றவரிடமே விடுதல் வேண்டும். இங்கு மிச்சம் பிடித்தாற் பணத்துக்கன்று, உயிருக்கே கேடு விளையலாம்.

காலமும் ஒரு செலவுதான். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை பெய்யும் என்பதை அறிந்தும், புரட்டாதிக் கடைசியில் ஓடு கழற்றுவோர் உளர். கழற்றிய கூரையைக் கறையான் தின்றிருப்பது அப்போதுதான் தெரியவரும். மரம் தேடவும் அறுக்கவும் நாள் செல்லும். அதற்குள் மழை முந்திவிடும். மேற்கிலும் தென்மேற்கிலும் இதே இடர் வைகாசியில் வரும். கூரை வேலையை மழைக்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்குதல் அறிவுடைமை. கொங்கிறீற்றுத் தட்டுப் போடுவோர், அதன் கீழுள்ள பலகைகளையும் முட்டுக்கால்களையும் உடனே கழற்ற முடியாதென்பதையும், குறைந்தது ஒரு வாரம் தட்டு ஈரமாகவே இருத்தல் வேண்டுமென்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வேலையாள் வராத அந்நாள்களிலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அவ்வாடகையைத் தவிர்க்கவெண்ணி முட்டுக்காலை முந்திக் கழற்றுவதோ பேரிடருக்கு வழி.

அனுமதிக்கான செலவையும் மறந்துவிடலாகாது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டடம் எழுப்புவதற்கு மட்டுமன்றி அதனை மாற்றியமைப்பதற்கும் உள்ளூராட்சிச் சபையின் அனுமதி வேண்டப்படும். எவ்வேலைக்கு வேண்டும், எவ்வேலைக்கு வேண்டாம் என்பதைச் சபை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது, கட்டியதை இடிக்க நேர்வதிலும் எளிது.

இவை யாவற்றையும் கணக்கிட்ட பின்னரும் நம் கையில் இல்லாத ஒன்று உண்டு, அது விலைவாசி. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பையின் விலை, சில மாதங்களில் இருமடங்கையும் தாண்டிற்று. அடகு வைத்த நகையையும் ஓய்வூதியப் பணத்தையும் கொண்டு தொடங்கிய வீடுகள் பல, கம்பிகள் வானை நோக்கி நிற்கப் பாதியிற் கிடந்தன. கம்பி துருப்பிடிக்கும், பூசாத சுவர் நனையும், போட்ட பணமும் மெல்லக் கரையும். இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. வீடு முழுவதையும் ஒருங்கே கலைக்காமல், பகுதி பகுதியாகத் திருத்தல் வேண்டும். குசினியைத் தொடங்கினாற் குசினியை முடித்து, அதனைப் பாவனைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்த அறையிற் கைவைத்தல் வேண்டும். பணம் முடிந்தாலும் முடிந்த பகுதி மிஞ்சும். அத்துடன், மதிப்பிட்ட தொகையில் நாலில் ஒரு பங்கை மறைபொருள்களுக்கென்று ஒதுக்கி வைத்த பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று.

ஈற்றாகத் தொழிலாளருடன் செய்யும் உடன்பாட்டினைப் பற்றிச் சில சொற்கள். அயலவர், தெரிந்தவர் என்பதற்காக வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். இன்ன வேலை, இன்ன அளவு, இன்ன கலவை, இன்ன தொகை. பொருள் யாருடையது, சாரம் யாருடையது, குப்பையை அகற்றுவது யார், விபத்து நேரின் பொறுப்பு யாருடையது என்பவை அதில் இருத்தல் வேண்டும். இடையில் வீட்டுக்காரர் மனம் மாறி, ‘இந்த யன்னலைச் சற்றுத் தள்ளி வையுங்கள்’ என்று சொன்னால் அதற்குரிய தொகையையும் அன்றே எழுதுதல் வேண்டும். பிணக்குகளிற் பல, மேசனின் பேராசையால் அன்று, வீட்டுக்காரரின் மனமாற்றத்தாலேயே பிறக்கின்றன. பெருந்தொகையை முற்பணமாகக் கொடாது, முடிந்த வேலைக்கு முடிந்த அளவிற் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை முதல் மழை கழியும்வரை நிறுத்தி வைக்கலாம். அதனையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு நிறுத்தி வைப்பவர், உரிய நாளில் அதனைக் கொடுக்கவும் வேண்டும், நேயர்களே. வாரக் கூலியைச் சனிக்கிழமை மாலையிற் குறைவின்றிக் கொடுப்பவர் வீட்டுக்கே நல்ல தொழிலாளர் மீண்டும் வருவர். வேலை முடிந்த மறுமாதம் கூரையில் ஓரிடம் ஒழுகினால், கணக்குப் பாராமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருபவரும் அவரே. நாட்கூலியில் ஐம்பது ரூபாவைக் குறைத்துப் பேசி வென்ற வீட்டுக்கு, மழை நாளில் அழைத்தாலும் ஆள் வருவது அரிது. அப்போது வைக்கும் வாளிக்கும், நனையும் பாய்க்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கூலிக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக விளங்கும்.