பழைய மோட்டார்க் காரின் தட்டொலி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் நாட்டிலே மிகச் சிலரே. பூரணை நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்து வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பது எம் முன்னோர் கண்ட முறை. நீருக்குள் எழும் ஒலி காற்றுக்குள் எளிதில் வாராது. மரமோ அதனைச் செவிவரை கொண்டுவந்து சேர்க்கிறது. மோட்டார் இயந்திரத்தின் நோயை அறிவதற்கும் இதே உபாயம் கைகொடுக்கின்றது என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். இரும்புக்குள் எழும் ஓசையை ஒரு மரக்கோலின் வழியே கேட்டு, நோய் எது, எவ்விடத்தது என்று சொல்லத்தக்கவர்கள் நம்மிடையே இன்றும் சிலர் இருக்கின்றனர். அவர்களுடைய கலையைப் பற்றியும், அவர்களைத் தேடிக் காணும் வழியைப் பற்றியும் சில சொல்ல விழைகிறேன்.

இதனை நான் அறிய நேர்ந்தது பழுகாமத்திலேயாகும். வாவியின் மேற்கே, கதிரவன் படுகின்ற திசையில் உள்ளமையால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நெல்வயற் பிரதேசத்தில் அமைந்துள்ளது அவ்வூர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் எழுவான்கரையிலே களுவாஞ்சிகுடி. ஆதார வைத்தியசாலை இருப்பது அங்கேதான். என் தாய்மாமனிடம் 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலி கண்டவர்களையும், பாம்பு தீண்டியவர்களையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்த வண்டி அது. 2023ஆம் ஆண்டில் ஒருநாள் அது தட்டத் தொடங்கிற்று. முதலிற் பார்த்த கராஜுக்காரர் மூடியைத் திறந்த கையோடு, இந்த எஞ்சின் முடிந்துவிட்டது, இதைக் கழற்றி எறிந்துவிட்டு யப்பானிய எஞ்சின் ஒன்றைப் போடுங்கள் என்று தீர்ப்புக் கூறிவிட்டார். மாமாவிடம் அதற்கான பணம் இல்லை. வேறு வண்டி வாங்குவதும் எளிதன்று. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது மீண்டும் தொடங்கியிருக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு அந்த வாயில் 2025இலேதான் திறந்தது.

பழைய கார்கள் நம் நாட்டில் இத்துணை காலம் நிலைத்தமைக்கும் காரணம் இத்தகைய தட்டுப்பாடுகளே. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்திலே வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1956 முதல் அதற்குப் பொருத்தப்பட்டது 948 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977வரை அந்த இறுக்கம் பெரிதும் தளரவில்லை. ஆகவே வந்து சேர்ந்த கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவது நம்மவருக்கு வழக்கமாயிற்று. அந்த வழக்கமே பல தேர்ந்த செவிகளையும் உண்டாக்கிற்று.

இனி, தட்டொலி என்பது ஒன்றன்று என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். எஞ்சின் தட்டுகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரு வேறு இனங்கள் அடங்கும். ஒன்று, எரிபொருள் எரியும் முறையிலே நேரும் கோளாறு. மற்றையது, தேய்ந்த உறுப்புகள் ஒன்றோடொன்று மோதுவதால் எழும் ஓசை. முன்னதற்கு இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதே இல்லாமற் போகலாம். பின்னதைப் புறக்கணித்தாலோ இயந்திரமே பாழாகும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெரும் பிழை.

முதலாவதைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி அமுக்கப்படுகிறது. பிளக் தீப்பொறியைத் தருகிறது. அங்கிருந்து தீ ஒழுங்காகப் பரவிச் செல்லுகிறது. காய்ந்த புற்றரையில் ஓர் ஓரத்திலே வைத்த நெருப்பு மறு ஓரத்தை நோக்கி நகர்வதைப் போன்றது அது. ஆனால், தீ வந்து சேருமுன்னரே எஞ்சிய ஆவி அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே ஒருங்கு பற்றிக்கொள்ளுமாயின், அந்த அதிர்ச்சியால் சிலிண்டரின் சுவர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற கூர்மையான ஒலி எழுகிறது. சுமையோடு ஏறும்போது இது மிகும். சும்மா நின்று ஓடும்போது கேட்காது. நம் மட்டக்களப்பு சமதரையாதலால், நாலாம் கியரிலே மெதுவாகச் சென்றுகொண்டிருக்கையில் திடீரென மிதித்துப் பார்த்தே இதனை அறியலாம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலையேறுவோருக்கு அச்சோதனை தானாகவே வந்துவிடும்.

எரிபொருள் இவ்வாறு தானே பற்றிக்கொள்ளாது தாங்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கின்றது. அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பார் 1921இல், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு பெற்றோலிற் கலந்தால் தட்டொலி அடங்குவதைக் கண்டறிந்தார். அந்த ஈயம் மக்களின் உடலுக்கும், குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கும், கேடு விளைத்தமையால் உலகம் படிப்படியாக அதனைக் கைவிட்டது. இலங்கையில் 2002இலும், இறுதி நாடாகிய அல்ஜீரியாவில் 2021இலும் அது நின்றது. இன்று நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை ஒக்டேன் 92, 95 என்னும் பெற்றோல்கள். மைனரின் இயந்திரம் உயர் அமுக்க வகையாயின் ஆவியை 8.3 மடங்கும், தாழ் அமுக்க வகையாயின் 7.2 மடங்கும் அமுக்கும். எது உங்களுடையது என்பதை இயந்திர எண்ணிலுள்ள எச் அல்லது எல் என்னும் ஆங்கில எழுத்தே தெரிவிக்கும். நலமாயுள்ள தாழ் அமுக்க இயந்திரத்துக்கு 92 போதும். அதிலும் தட்டுமாயின், தீப்பொறி முந்தி விழுகிறதா, கரி படிந்துள்ளதா, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா, பெற்றோல் தூயதுதானா என்று பார்க்கவேண்டும். 95ஐ ஊற்றி ஓசையை அடக்குவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

அமுக்கம் குறைந்த இயந்திரத்தின் பொறுமைக்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைப்பதரிதாயிருந்தபோது, மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 முதலிய கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலிற் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. ஏழு மடங்குக்குச் சற்றே மேற்பட அமுக்கும் பழைய இயந்திரங்களே அதனை ஒருவாறு தாங்கின. ஆயினும் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து, அடியிலுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயரிங்குகளைக் காக்க மாட்டாது. முதலாம் இனத்துத் தட்டொலி இரண்டாம் இனத்தைப் பெற்றெடுக்கும் வழி இது.

அந்த இரண்டாம் இனத்துள்ளும் பல பிரிவுகள் உள. காலையிற் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கேட்டு, சூடேறியதும் மறைவது பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் அறைவதாகும், அஞ்ச வேண்டியதில்லை. இயந்திரத்தின் தலைப்பகுதியில், அதன் சுழற்சிக்குப் பாதி வேகத்தில், இலேசாகத் தட்டுவது வால்வு இடைவெளி மிகுந்தமையால். அரை மணி நேர வேலையிலே சீராகும். முன்புறத்தே சங்கிலி உரசுவது போன்றது நேரச் சங்கிலியின் தளர்ச்சி. சுமை ஏற்றும்போதும், மிதித்த காலைத் தளர்த்தும்போதும், கனத்த மரச் சுத்தியலால் அடிப்பது போன்று எழுவதோ இணைப்புத் தண்டின் பெரிய முனையிலுள்ள பெயரிங்கின் ஓலம். அதனினும் ஆழ்ந்து, வண்டியின் தரையையே அதிரச் செய்வது கிராங்குத் தண்டைத் தாங்கும் பிரதான பெயரிங்குகளினது. இவ்விரண்டும் கேட்டால் வண்டியை அப்போதே நிறுத்திவிட வேண்டும். இவையனைத்தையும் ஆராயுமுன், விசிறி எங்கேனும் உராய்கிறதா, புகைக்குழாய் சட்டத்தில் மோதுகிறதா, டைனமோவின் ஆணி தளர்ந்ததா என்று பார்ப்பது அறிவுடைமை. அரை ரூபாய் ஆணியின் குற்றத்துக்காக இயந்திரத்தைப் பிரித்தவர்களும் உளர்.

இனிப் பழுகாமத்துக்குத் திரும்புவோம். மாமா பலரிடமும் விசாரித்து, உழவு இயந்திரங்களைப் பழுதுபார்த்து முதுமையெய்திய ஒருவரை அழைத்து வந்தார். நான் உடனே மூடியைத் திறக்கப் போனேன். அவரோ, “மனே, முதல்ல காதைக் குடுப்பம், கை மறுகா” என்றார். மறுகா என்பது எம் வழக்கிலே பிறகு என்று பொருள்படும். எப்போது தட்டுகிறது, குளிரிலா சூட்டிலா, சுமையிலா சும்மா நிற்கும்போதா, எப்போதிருந்து, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று அடுக்கடுக்காக வினவினார். பின்பு எண்ணெய் அளவுகோலை உருவி, விரலில் தடவி, முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் மணத்தது. அப்போதுதான் மாமா உண்மையைச் சொன்னார். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே, கைக்குக் கிடைத்த கலன்களையெல்லாம் வாங்கி ஊற்றி ஓட்டியிருக்கிறார். நெருக்கடி தீர்ந்தபின் மிஞ்சியவற்றையும் வீணாக்க மனமின்றிச் சிறிது சிறிதாக ஊற்றி வந்திருக்கிறார். பெற்றோல் என்று விற்கப்பட்டதில் என்னென்ன கலந்திருந்ததோ, யார் அறிவார்?

தாங்கியை வடித்துத் தூய பெற்றோல் இட்டார்கள், எண்ணெயையும் மாற்றினார்கள். டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறிய திருகு வளையத்தைச் சற்றே திருப்பி, தீப்பொறி சிறிது பிந்தி விழச் செய்தார் பெரியவர். கூர்மையான கல்லொலி அடியோடு நின்றுவிட்டது. நான் மகிழ்ந்தேன், அவர் மகிழவில்லை. அந்த இரைச்சல் அடங்கிய பின்னரே, அதன் கீழே மறைந்திருந்த மந்தமான மற்றோர் ஓசை தெளிவாகக் கேட்டது. இயந்திரத்தை ஓடவிட்டு, மின்காப்பிட்ட குறட்டினால் பிளக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிப் பார்த்தார். முதலாவதிலும் இரண்டாவதிலும் மாற்றமில்லை. மூன்றாவதை விலக்கியதும் அவ்வோசை தணிந்தது. அந்தச் சிலிண்டரிலே தீ எரியாதபோது அந்தப் பெயரிங்குக்குச் சுமை இல்லையன்றோ! பின்னர் ஒரு மரக்கோலை இயந்திரத்தின் பக்கத்திற் பொருத்திக் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மூன்றாம் சிலிண்டரின் கீழ்ப்புறத்தே, நெஞ்சுக்குள் அடிப்பது போல, அது அடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தி, அதனை மாமாவின் கையிற் கொடுத்து, இனி இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்றார்.

அச்சொல்லே அந்த இயந்திரத்தைக் காத்தது. அடித்தட்டைக் கழற்றியபோது, மூன்றாம் பெயரிங்கின் வெண்ணிற மேற்படை தேய்ந்து, செம்பு நிறம் வெளிப்பட்டிருந்தது. இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் இணைப்புத் தண்டு முறிந்து இயந்திரத்தின் சுவரையே துளைத்திருக்கலாம். கிராங்குத் தண்டிலோ இலேசான கீறல்களே இருந்தன. ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு கடைந்து, அவ்வளவுக்குரிய பெயரிங்குகளைப் பொருத்தினால் போதுமென்றாயிற்று. பொருத்தியபின், அக்காலத்து இயந்திரத்துக்கு ஏற்ற 20டபிள்யூ-50 வகை எண்ணெய் இட்டார்கள். இக்காலக் கார்களுக்குரிய மெல்லிய எண்ணெயைப் பழைய இயந்திரத்துக்கு இடுவது தவறு. எண்ணெயின் அழுத்தம் ஓட்டத்திலே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 இறாத்தலும், நின்று ஓடும்போது 15க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் நலத்துக்குச் சான்றாகாது. அது எரியும்போது பெரும்பாலும் காலங்கடந்துவிட்டிருக்கும்.

இத்தகைய உதவியை எங்கே தேடுவது? முதலில் அயலிலே தேடுங்கள். நெல்வயற் பிரதேசங்களில் உழவு இயந்திரம் பழுதுபார்ப்போர் உளர். பெயரிங்கும் கிராங்குத் தண்டும் அவர்களுக்குப் புதியவையல்ல. உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பிலே பஞ்சிகாவத்தை பெயர்பெற்றது. காலியிலே 1990களில் மைனரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலை ஒன்றும் இயங்கியது. பழைய கார்ச் சொந்தக்காரரின் கழகங்களும் நம் நாட்டிலும் பிறநாட்டிலும் உள்ளன. எவரிடம் கேட்பதாயினும் இயந்திர எண்ணையும், கிராங்குத் தண்டின் அளவையும், ஓசை எப்போது எழுகிறது என்பதையும் எழுத்திற் குறித்துக்கொண்டு செல்லுங்கள். தொழிலாளியைத் தேரும் உரைகல் ஒன்றும் உண்டு. வந்தவுடன் திருகுசாவியை எடுப்பவரை விட, எப்போது தட்டுகிறது என்று முதலிற் கேட்பவரை நம்புங்கள்.

அத்தகையோர் தாமாக முளைப்பதில்லை. மட்டக்களப்பிலே யேசு சபையினரின் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்து வந்தது. அதன் இயக்குநராயிருந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டிலே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற் போனார். போர்க்காலம் அழித்தவற்றுள் வீடுகளும் வண்டிகளும் மட்டுமல்ல, கற்பிப்போரும் கற்போரும் அடங்குவர். உதிரிப்பாகத்தைக் கடல் கடந்தும் வரவழைக்கலாம். கேட்கத் தெரிந்த செவியை அவ்வாறு வரவழைக்க இயலாது. ஆகவே உங்கள் ஊரிலே அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பாராயின், வண்டி பழுதாகும்வரை காத்திராது, ஓர் இளைஞனை அவரருகே அனுப்பி வையுங்கள்.

மாமாவின் கார் இன்றும் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கின்றது. காலையில் முதன்முதல் உயிர்ப்பிக்கும்போது பிஸ்டன் சற்றே அறையும்; சூடேறியதும் அது மறைந்துவிடும். மாமா அதனைக் கேட்டுவிட்டு, கவலையின்றிக் கியரை மாற்றுகிறார்.