அண்ணன் மகன் மன்னர் சாரணர் ஆன நாள்

எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் எங்கள் வானொலி நிலையத்தின் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. "என் மக பத்து ஏ எடுத்திருக்கா, ஒரு பாட்டுப் போடுங்க" என்று அம்மாக்கள் அழைப்பார்கள். பின்னால் அப்பா, "பள்ளிக்கூடம் பேரையும் சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பது கேட்கும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காலை நிகழ்ச்சி படைக்கிறேன். "என் மகன் மன்னர் சாரணர் ஆயிட்டான், ஒரு பாட்டுப் போடுங்க" என்று இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை.

மலாயில் 'பெங்ஙாகாப் ராஜா'. இடைநிலைப்பள்ளிச் சாரணர் ஒருவர் எட்டக்கூடிய ஆக உயர்ந்த விருது இது. பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சிறுவர்களை வைத்து நடத்திய முகாமில் தொடங்கியது இந்த இயக்கம். அடுத்த ஆண்டே பினாங்கில் கால் வைத்துவிட்டது. 1909-ல் அன்றைய பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் காலத்தில் 'கிங்ஸ் ஸ்கவுட்' என்ற விருது வந்தது. மெர்டேக்காவுக்குப் பிறகு அதுவே நம் நாட்டு மன்னரின் பெயரால் வழங்கப்படும் விருதானது. 'சாரணர்' என்ற நம் சொல்லுக்கோ இன்னும் வயது அதிகம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடக்கும் வழியில் சாரணரைச் சந்திக்கிறார்கள். அங்கே அவர்கள் ஊர் ஊராகத் திரியும் சமண முனிவர்கள். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சனிக்கிழமைதோறும் கிளம்பிவிடும் என் அண்ணன் மகனுக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

அவன் இரண்டாம் படிவத்தில் சேர்ந்தான். ஏன் சேர்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் சேர வேண்டும், அதனால் சேர்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டோம். நான்காம் படிவத்தில் மன்னர் சாரணர் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கியபோதுதான் வீட்டில் சத்தம் ஆரம்பித்தது. லாக் புத்தகம், சமூக சேவை, வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு நடைப்பயணம், மூங்கிலில் கோபுரம், முகாம், கடைசியில் நேர்முகம். முதலுதவிப் பயிற்சிக்கு அகப்பட்டவர் என் அம்மா. சீரியல் பார்க்க உட்கார்ந்தால் எழும்போது கையில் ஒரு தூளிக்கட்டு இருக்கும்.

"கழுத்துல துணி கட்டினா டாக்டர் ஆயிடுவானா? டியூசனுக்கு எப்பப் போவான்?" என்று அண்ணன் கேட்டார். அவர் வேன் ஓட்டுகிறார், காலையில் போனால் இரவு வருவார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணிதான் பதில் கண்டுபிடித்தார். யூபியு வழி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, மீதி 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தைக் காட்டி அண்ணனை அடக்கினார். அந்தச் சமயத்தில் அது கைகொடுத்தது. ஆனாலும் எனக்கு அந்த வாதத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. பிள்ளை மலையேறினாலும் மத்தளம் அடித்தாலும் "இதுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டே பழகிவிட்டோம். புள்ளி இல்லாத ஒன்றைப் பிள்ளை ஆசைப்பட்டால் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

முகாமுக்கான பேருந்து எப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படும். எங்கள் குடும்பத்தில் அந்த நேரத்தில் முகம் கழுவி உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் காலை அறிவிப்பாளரான நான்தான். ஆகவே சாரதி வேலை எனக்கு. அவன் ஏறியதும் தூங்கிவிடுவான். மடியில் ஒரு துண்டுக் கயிறு இருக்கும், விரல் மட்டும் அதை முறுக்கிக்கொண்டே வரும்.

தேர்ச்சி பெற்றதும் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். பொறுப்பாசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள்தான் அறிவிப்பு செய்ய வேண்டும் என்றார். வானொலிக்காரியைப் பார்த்தால் எல்லாருக்கும் தோன்றுவதுதான், கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பழகியிருக்கிறேன். சரி என்றேன். அன்று மாலையே பையன் வந்து நின்றான்.

"அத்தை, நீங்க மைக் பிடிக்காதீங்க. மைக்க யாராச்சும் பிடிக்கட்டும்."

"ஏன்டா, என் குரலுக்கு என்ன?"

"நீங்க மேடைக்கு வந்து எனக்கு ஸ்கார்ஃப் போடணும்."

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம். மாவட்ட ஆணையர் சின்னத்தைக் குத்துவார். அதற்கு முன், தன் பயணத்தில் உடனிருந்த ஒருவரை அந்த மாணவனே அழைத்து ஸ்கார்ஃப் அணிவிக்கச் சொல்ல வேண்டும். யாரை அழைக்கிறான் என்பது அவன் விருப்பம். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். "உங்களத்தான் கூப்பிடுவான்னு எனக்குத் தெரியும். எந்திரிக்கிறது நீங்கதானே" என்று சிரித்தார். ஸ்கார்ஃபை மேசைமேல் விரித்து, நீளமான ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி வர வேண்டும். தளர்ந்தால் கழுத்தில் தொளதொளவென்று நிற்கும். இரண்டு நாள் பழகினேன்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. மண்டபத்தில் பெற்றோருக்கு ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. விருது பெறுபவர்கள் ஆறு பேர்: மூன்று மலாய் மாணவர்கள், ஒரு சீன மாணவர், நம்மவர்கள் இருவர். நம்மவர்களில் இன்னொருவனுக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பையன் வாசலைப் பார்ப்பதும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுமாக இருந்தான். ஒரு வயது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சோறு போடும் சமூகம் நாம். காதுகுத்துக்கு ஜொகூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். அங்கே அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லை. இந்தப் பதினேழு வயதுக்காரனுக்கு இந்த நாற்காலி நினைவிருக்கும். அவன் அழைத்தது கணித ஆசிரியையை. அவர் அணிவித்தபோது என் அம்மா எல்லாரையும்விட சத்தமாகக் கை தட்டினார்.

மேடையில் பத்து மெழுகுவத்திகள், சாரணர் சட்டம் பத்துக்கும் ஒவ்வொன்று. இளைய மாணவர்கள் ஒவ்வொரு சட்டமாகச் சொல்லி ஏற்றினார்கள். பிறகு ஆறு பேரும் வலக்கையின் மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழியைப் புதுப்பித்தார்கள். உறுதிமொழிக்கும் மூன்று பகுதி: இறைவனுக்கும் மன்னருக்கும் நாட்டுக்கும் கடமை, எந்நேரமும் பிறருக்கு உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். அம்மா என் காதில், "போலீஸ்ல சேர்ற மாதிரி இருக்கே" என்றார்.

ஸ்கார்ஃபைப் போடும் முன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். பையன் மலாயில் தொடங்கினான்.

2021 டிசம்பர் 18. சிலாங்கூரில் வெள்ளம். அண்ணன் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில். கீழ்த்தளம் முழுவதும் மூழ்கி, ஐந்து பேரும் மாடியில் ஒரு டப்பா பிஸ்கட்டோடு ஓர் இரவும் ஒரு பகலும் கிடந்தார்கள். நான் நிலையத்தில் இருந்தேன். உதவி கேட்டு வந்த முகவரிகளை வரிசையாக ஒலிபரப்பில் வாசித்துக்கொண்டிருந்தோம், அதில் ஒன்று என் அம்மா இருந்த முகவரி. மற்றதைப் போலவே அதையும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மேடையில் அவன் சொன்னதுதான் தெரியாதது.

ஞாயிறு மாலை தன்னார்வலர்கள் இருவர் படகில் வந்தார்கள். சன்னல் கம்பியை அறுத்து, போர்ச் கூரைமேல் இறங்க வைத்தார்கள். பாட்டிக்குக் கால் நடுங்கியது. ஓர் அண்ணன் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, வளையத்தைப் பாட்டியின் கைகளுக்குக் கீழே மாட்டி, மெல்ல மெல்லப் படகில் இறக்கினார். "பாட்டியோட மொத்த கனமும் அந்த வளையத்துல இருந்துச்சு. ஆனா அது இறுகல. படகுல உட்கார வச்சதும் ஒரே தட்டுல அவிழ்த்துட்டாரு. அது என்ன முடிச்சுன்னு கேக்குறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. அதைக் கத்துக்கத்தான் சாரணர்ல சேர்ந்தேன்." இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தமிழில் சொன்னான், பாட்டியைப் பார்த்து.

அந்த முடிச்சுக்கு ஆங்கிலத்தில் பவ்லைன். மலாயில் இன்னும் அழகு: 'சிம்புல் திண்டே காசே'. காசே என்றால் அன்பு.

நான் மேடையேறியபோது அவன் குனிந்தான். என்னைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஸ்கார்ஃபைப் போட்டு, தோல் வளையத்தை மேலே தள்ளினேன். சாரணர் முறைப்படி இடக்கையை நீட்டினான். பொறுப்பாசிரியர் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். தினமும் நான்கு மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள், "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேலைச் சட்டையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிற்றுண்டிச்சாலையில் எல்லாரும் மீ கோரேங்கும் கறிபாப்பும் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மகனின் தோளைத் தட்டினார்.

"வேன்ல கயிறு இருக்கு. வா."

கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு நடந்தது. கயிற்றில் சின்ன வளையம் போடு, அது முயல் குழி. கயிற்றின் நுனிதான் முயல். குழியிலிருந்து வெளியே வந்து, மரத்தைச் சுற்றி, மறுபடி குழிக்குள் போக வேண்டும். அண்ணனின் முயல் முதல் முறை மரத்தைச் சுற்றாமலே குழிக்குள் போனது. இரண்டாவது முறை வேறு திசையில் ஓடியது. "முயல் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மீ ஆறிப்போகும்" என்றார் அம்மா.

மூன்றாவது முறை அண்ணன் கயிற்றைத் தன் இடுப்பைச் சுற்றி வைத்தே முடிச்சைப் போட்டார். பையன் குனிந்து பார்த்துத் தலையாட்டினான். மறுமுனையை அவன் கையில் கொடுத்து, "இழு பார்ப்போம்" என்றார்.