பதினோரு அடியில் ஒரு ரயில் நிலையம்

சங்கத்து நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், கூடத்துச் சுவரை ஒட்டி நீளமாக ஓடும் பலகையையும் அதன்மேல் உள்ள தண்டவாளத்தையும் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை, என் அப்பாவுக்கு. அவருக்கு வயது எண்பத்து மூன்று.

அப்பா சேலம் - விருத்தாசலம் மீட்டர் கேஜ் பாதையில், சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டேஷனில் பல வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அம்மா காலமான பிறகு பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்டார். மாடி இறங்க மூட்டுவலி விடாது. கீழே போனாலும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஒருநாள் கடையில் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்து, வட்டமாகப் பாதை போட்டு ஓட்டிக் காட்டினேன். இரண்டு சுற்றுப் பார்த்தார். "இது ரயில் இல்லைடா, ராட்டினம்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வார்த்தையில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் அளவு. உலகில் அதிகம் பேர் கையாள்வது எச்.ஓ. என்னும் அளவு, அசலில் 87-இல் ஒரு பங்கு. இதற்குக் கடையில் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு அது கச்சிதம். நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். ஆகவே நம் ஊர் எஞ்சினை அதில் நிறுத்தினால் பெரிய மனிதர் சின்னச் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். எங்களுக்கு அதிர்ஷ்டம், மீட்டர் கேஜ்! ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாதிரிகளுக்காகவே 12 மி.மீ. பாதை விற்கிறார்கள். தண்டவாளமும் சக்கரமும் அப்படி வந்தவை. பெட்டிகளை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நாங்களே செய்தோம். அதற்காக மைசூரு ரயில் அருங்காட்சியகத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். 1979-இல் தொடங்கிய இடம் அது. அங்கிருந்த மீட்டர் கேஜ் பெட்டியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். நான்தான் டேப்பு பிடித்து அளந்தேன்.

அரை கிலோமீட்டர் லூப் லைனைக் கணக்குப்படி போட்டால் ஐந்தே முக்கால் மீட்டர் வரும். எங்கள் சுவரோ பதினோரு அடி. ஆகவே நீளத்தில் சுருக்கலாம், ஒழுங்கில் சுருக்கக் கூடாது என்று அப்பா விதி போட்டார். மெயின் லைன், லூப் லைன், கூட்ஸ் சைடிங் மூன்றும் உண்டு. பாசஞ்சருக்குப் பெட்டி மட்டும் ஐந்துதான்.

அடுத்தது வேகம். பொம்மை ரயில் பொய்யாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அது பறப்பதுதான். மணிக்கு 40 கி.மீ. போகும் பாசஞ்சர், இந்த அளவில் விநாடிக்கு 13 செ.மீ.தான் நகரவேண்டும். நேரத்துக்கு எதிர்க்கணக்கு. அடுத்த ஸ்டேஷன் சுவர் மூலையிலேயே இருப்பதால், கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓடவிடுகிறோம். நான்கு மணி நேரத்து அட்டவணை நாற்பது நிமிடத்தில் முடிகிறது. அந்த நாற்பது நிமிடம் எங்கள் வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை!

இனி டோக்கன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காப்பது ஓர் இரும்புப் பந்து என்றால் நம்புவீர்களா? இரண்டு ஸ்டேஷனிலும் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள் இருக்கும். மணி அடித்து லைன் கிளியர் கேட்டு, அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் ஒரு பந்து வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியும் வேறு பந்தைத் தராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ரிலேக்களையும் பொத்தான்களையும் இரண்டு மரப்பெட்டியில் வைத்து இதையே செய்தேன். கோலிக்குண்டுதான் பந்து. குண்டு எடுக்காவிட்டால் அந்தப் பகுதித் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் போகாது. முதல் தடவை மணி அடித்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார்.

(அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில், இப்படி ரிலேயோடு மல்லுக்கட்டியவர்களிடையே 'ஹேக்கர்' என்ற சொல் புழங்கிற்று. கணினி உலகுக்கு அது அங்கிருந்துதான் போயிற்று. கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க!)

மற்றவை கைவேலை. 12 மி.மீ. பிளைவுட் பலகை, சத்தம் குறையப் பாதைக்கு அடியில் கார்க், தெர்மோகோல் கரடு, பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் புல். சலித்த கல்தூள்தான் ஜல்லி. அதைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் விட்டுச் சொட்டுநீராக ஊற்றவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். மஞ்சள் பெயர்ப்பலகை என் மகள் எழுதியது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பவள். 'ழ'வுக்கு மட்டும் மூன்று பலகை வீணாயிற்று. இப்போது தாத்தாவுக்கு அவள்தான் டிரைவர்.

அந்தப் பாதை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அகலப் பாதையாகிவிட்டது. அப்பாவின் ஸ்டேஷன் இப்போது வேறு ஸ்டேஷன். பழைய வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லை. இருப்பது அவர் நினைவு மட்டும்தான். அதிலும் சமீபத்தில் இடறல். கூட்ஸ் சைடிங்கின் பாயிண்ட், கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மூன்று மாதத்தில் இரண்டு தடவை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒட்டியதைப் பெயர்க்க எனக்கு மனமில்லை. அந்த மூலையை மட்டும் வெறும் பலகையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

நம் சங்க அன்பர்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்கள், எழுபதுகளில் அந்தப் பாதையில் வேலை பார்த்திருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தால் பாசஞ்சரையும் பார்க்கலாம், காபியும் உண்டு.