ஒன்பது நாள் உழைப்பில் ஒரு நாள் உல்லாசம்



ஆகஸ்ட் விடுமுறை வந்து விட்டால் பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு துபாய்க்கும் அபூதாபிக்கும் புறப்படும் தாய்மார்கள் எம் ஊர்களில் பலர். இரண்டு வருடமாகவோ மூன்று வருடமாகவோ கணவரைத் தொலைபேசியில் மட்டும் கண்டவர்கள், குறுகிய கால வீசா ஒன்றில் அவரிடம் போகிறார்கள். பெட்டிக்குள் மாசியும் தொதலும் இருக்கும். பிள்ளைகளின் வாயில் ஒரே கேள்விதான்: "வாப்பா எங்களை அந்தப் பெரிய பார்க்குக்குக் கூட்டிப் போவாரா?"

கூட்டிப் போவார். எந்த வாப்பாதான் மாட்டேன் என்பார்? ஆனால் அந்த ஒரு நாள், பிரிந்திருந்த குடும்பம் ஒன்று சேரும் நாளாக அமையுமா, அல்லது காசைக் கொட்டிக் களைத்துத் திரும்பும் நாளாக முடியுமா என்பது பெரும்பாலும் உங்கள் ஆயத்தத்தில் தங்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம்.

கூரைக்குள் ஏன் பூங்கா?

வீட்டுக்குள் அடுப்பு இருப்பது போல, கட்டடத்துக்குள் ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் இருப்பது எங்களுக்குப் புதுமைதான். இந்த யோசனை முதலில் குளிர் நாடுகளில் பெரிதாக வளர்ந்தது. கனடாவின் எட்மண்டன் நகரில் மாபெரும் கடைத்தொகுதி ஒன்றுக்குள் 1983இல் இத்தகைய பூங்கா திறக்கப்பட்டது. தென்கொரியாவின் சியோல் நகரில் லொட்டே வேர்ல்ட் 1989இல் வந்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே பிள்ளைகள் விளையாடலாம் என்பதே நோக்கம்.

வளைகுடா நாடுகளில் பிரச்சினை வெயில். ஆகஸ்ட் மாதத்தில் அபூதாபியின் பகல் வெப்பம் 45 பாகையையும் எட்டக்கூடியது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்கக் கூடாதென்று அங்கே சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட வெயிலில் பிள்ளைகளை எங்கே விளையாட விடுவது? ஆகவேதான் முழுப் பூங்காவையும் கூரைக்குள் கட்டிக் குளிரூட்டினார்கள். அபூதாபியின் யாஸ் தீவில் 2010இல் பெராரி வேர்ல்டும், துபாயில் 2016இல் ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ் ஒஃப் எட்வென்ச்சரும், மறுபடி யாஸ் தீவில் 2018 ஜூலையில் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டும் திறக்கப்பட்டன.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இந்த மூன்றில் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் பொருத்தமானது. டொம் அண்ட் ஜெரி, பக்ஸ் பனி, ஸ்கூபி டூ என்று தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்த்த பாத்திரங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஒரே கூரையின் கீழ் ஆறு பகுதிகள். 29 சவாரிகளும் காட்சிகளும் உள்ளதாக அறிவித்தே அதைத் திறந்தார்கள். பெரிய பையன்களுக்குப் பெராரி வேர்ல்ட் பிடிக்கும். அங்குள்ள ஃபோர்முலா ரோசா என்னும் ரோலர் கோஸ்டர் 2010இல் உலகிலேயே மிக வேகமானதாகத் திறக்கப்பட்டது. ஐந்து செக்கன்களுக்குள் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தைப் பிடித்து விடும். கூரைக்கு வெளியே பாயும் அதில் ஏறுபவர்களுக்குக் கண்ணுக்குள் மணல் போகாதபடி கண்ணாடி தருகிறார்கள்!

கணக்கைப் பார்ப்போம்

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒருவர் தன் மனைவி மக்களை வதிவிட வீசாவில் கூட்டி வைத்துக் கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். 2019இல் இப்படி விதி வகுத்தார்கள். அந்த எல்லையைத் தொடாதவர்களும், தொட்டும் துபாய் வாடகையைத் தாங்க முடியாதவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டு உழைக்கிறார்கள்.

இனிப் பூங்காவின் கணக்கு. அண்மைய வருடங்களில் இந்தப் பெரிய பூங்காக்களில் ஒருவருக்கான நாள் டிக்கட் 300 திர்ஹமுக்கு மேல். 300 என்றே வைத்துக் கொள்வோம். நால்வருக்கு 1,200 திர்ஹம். 4,000 திர்ஹம் சம்பளக்காரருக்கு அது ஒன்பது நாள் உழைப்பு. சாப்பாடும் வாகனச் செலவும் இன்னும் சேரவில்லை.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்பது நாள் உழைப்பு என்று தெரிந்து கொண்டு போகிறவள் அந்த நாளை வீணாக்க மாட்டாள். அதற்காகத்தான் சொல்கிறோம். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பயமுறுத்தும் பாணியில் வேண்டாம். "வாப்பா ஒன்பது நாள் வேலை செய்த காசில் நாங்கள் போகிறோம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

உயரம் குறைந்த சிறு பிள்ளைகளுக்குப் பல இடங்களில் கட்டணம் குறையும், அல்லது இல்லாமலே போகும். முற்கூட்டியே இணையத்தில் வாங்கினாலும் சில வேளை குறையும். சனி, ஞாயிறில் கூட்டம் அதிகம். நடு வாரத்தில் ஒரு நாள் லீவு எடுக்கக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையில் அவ்வளவு இல்லையா? கடன்பட்டுப் போக வேண்டாம் சகோதரி. துபாய் ஓடையில் அப்ரா எனும் மரப்படகில் அக்கரைக்குப் போக ஒருவருக்கு 1 திர்ஹம்தான். துபாய் மோலில் உள்ள பிரமாண்டமான மீன் தொட்டியின் முன் நின்று சுறாக்களையும் திருக்கைகளையும் காசில்லாமலே பார்க்கலாம். வாப்பாவின் கையைப் பிடித்துக் கொண்டு போன இடமாக இருந்தால், பிள்ளைக்கு அதுவும் பெரிய பார்க்குதான்.

உயரம் என்னும் சட்டம்

இந்தப் பூங்காக்களில் வயதைக் கேட்பதை விட உயரத்தை அளப்பதே வழக்கம். ஃபோர்முலா ரோசாவில் ஏற 1 மீற்றர் 40 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். ஆசனத்தில் உடலை இறுக்கிப் பிடிக்கும் தடி, ஓரளவு வளர்ந்த உடலுக்கென்றே செய்யப்பட்டது. சிறிய உடல் அதற்குள்ளால் நழுவி விடும். ஆகவே குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டு ஊழியரை ஏமாற்ற முயல்வது, பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

வீட்டிலேயே சுவரோடு நிறுத்திப் பிள்ளைகளை அளந்து, எந்தச் சவாரிக்கு யார் போகலாம் என்று பார்த்துச் சொல்லி விடுங்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பின் "நீ கட்டை, உனக்கு முடியாது" என்று திருப்பி அனுப்பினால் பிள்ளையின் மனம் உடைந்து போகும்.

கர்ப்பிணிகள் வேகமான சவாரிகளில் ஏறவே கூடாது. ஒரு மாதம் தள்ளிப் போயிருந்து நிச்சயமாகத் தெரியாத நிலையிலும் தவிர்ந்து கொள்ளுங்கள். இருதய நோய், முதுகு வலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே.

பர்தாவும் குண்டூசியும்

எம் பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய விடயம் இது. சுழலும் சில்லுக்குள் தொங்கும் துணி அகப்பட்டால் விளைவு பயங்கரமானது. இஸடோரா டங்கன் என்ற பெயர்பெற்ற நடனக் கலைஞர் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் அணிந்திருந்த நீளத் துணி கார்ச் சில்லில் சிக்கியே மரணமானார். சிறு கார் ஓட்டும் கோ-கார்ட் போன்றவற்றில் இந்த ஆபத்து இன்றும் இருக்கிறது.

எனவே அன்றைக்கு நீண்டு தொங்கும் ஷோலை வீட்டில் வைத்து விடுங்கள். தலையோடு ஒட்டி நிற்கும், தைத்த பர்தாவே நல்லது. குண்டூசி வேண்டாம், வேகத்தில் தலை அசையும்போது அது உங்களையே குத்தும். அபாயா அகலமானதாக இருந்தால் ஆசனத்தில் அமரும்போது நன்றாக ஒதுக்கிக் கொள்ளுங்கள். துணியை உள்ளே செருகும்படி ஊழியர் சொன்னால் கோபிக்காதீர்கள். அவர் உங்கள் பாதுகாப்புக்காகவே சொல்கிறார்.

வெளியே நெருப்பு வெயில் என்று மெல்லிய உடுப்போடு போய் உள்ளே குளிரில் நடுங்குபவர்களும் உண்டு. சின்னவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளிச் சட்டை எடுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். கைக்குழந்தையின் பால், சீனி நோயாளரின் மருந்து போன்றவற்றைப் பற்றி வாசலில் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

பொழுது தெரியாத இடம்

கூரைக்குள் சூரியன் இல்லை. வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டில் கோதம் நகரம் என்ற பகுதியில் எந்நேரமும் இரவு. பக்கத்துப் பகுதியிலோ எந்நேரமும் பகல். ஆகவே நேரம் போவது தெரியவே தெரியாது. தொழுகை தவறிப் போக இதுவே பெரிய காரணம்.

ஆகஸ்டில் அங்கே ளுஹர் பன்னிரண்டரை மணியளவில்; அஸர் நான்கு மணிக்குச் சற்று முன்; மஃரிப் ஏழு மணியளவில். கையடக்கத் தொலைபேசியில் பாங்கு ஒலிக்க வைத்துக் கொள்ளுங்கள். பூங்காவுக்குள் தொழுகை அறை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அது எங்கே என்று கேட்டு வையுங்கள். சவாரிகளையும் அதற்கேற்ப வகுத்துக் கொண்டால், தொழுகைக்குப் போகும் நேரமே களைத்த கால்களுக்கு ஓய்வாகவும் அமையும். சில நாள்களுக்கு வந்த உங்களுக்குப் பயணியின் சலுகை உண்டா, அங்கேயே தொழில் புரியும் கணவருக்கு உண்டா என்பதை ஊரில் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்து போங்கள். இருவருக்கும் இரு வேறு விடை வரக்கூடும்.

பிள்ளை தவறிப் போனால்

காலையில் புறப்படும் முன் பிள்ளைகளை அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள். "என்ன நிறச் சட்டை?" என்று கேட்டால் பதற்றத்தில் தாய்க்கு ஞாபகம் வராது. அந்நாட்டில் பாவிக்கும் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிச் சின்னவரின் சட்டைப் பைக்குள் வையுங்கள். "எங்களைக் காணவில்லை என்றால் தேடி ஓடாதே. பூங்காவின் சீருடை அணிந்த ஒருவரிடம் போய் நில்" என்று சொல்லிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு, சந்திக்கும் இடம் ஒன்றைக் காட்டி வையுங்கள்.

வாப்பாவின் பக்கத்து ஆசனம்

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். கடைசிப் பிள்ளை இரண்டு வயதாக இருக்கும்போது போன வாப்பா. இப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. அது அவரிடம் போகாது. உங்கள் அபாயாவுக்குப் பின்னால் ஒளியும். அவருடைய முகம் வாடும். அந்த வாட்டத்தை மறைக்கவே அவர் பிள்ளை கைகாட்டியதையெல்லாம் வாங்கிக் கொடுக்கத் தொடங்குவார். கடைகள் எல்லாம் சவாரியை விட்டு இறங்கும் வழியிலேயே இருக்கும்!

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் நாளே இருவரும் பேசி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகையைத் தீர்மானியுங்கள். அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து விடுங்கள். அது முடிந்தால் முடிந்தது தான். பிறகு வாப்பாவைப் பார்த்து யாரும் அடம் பிடிக்க மாட்டார்கள்.

சவாரிகளில் அமைதியானதை முதலில் தெரிவு செய்யுங்கள். பெட்ரொக் என்ற பகுதியில் குடும்பமாகப் படகில் அமர்ந்து போகும் நீர்ச் சவாரி ஒன்று இருக்கிறது. அதில் சின்னவரை வாப்பாவின் பக்கத்தில் இருத்தி, நீங்கள் பின்னால் அமருங்கள். படகு சரியும்போது பிள்ளை யாரைப் பிடிக்கும்? பக்கத்தில் இருப்பவரைத்தான். தொலைபேசியில் மூன்று வருடம் பேசியும் வராத நெருக்கம் அந்த ஒரு பிடியில் தொடங்கி விடலாம்.

வெயிலில் வேலை செய்து பழகிய மனிதர் குளிரில் சற்று உட்கார்ந்தால் கண் அயர்ந்து விடுவார். "காசு கட்டி வந்து தூங்குகிறீர்களே" என்று ஏசாதீர்கள். கால் மணி நேரம் விடுங்கள். அவருக்கும் இது விடுமுறைதான்.

பையைக் கீழே வையுங்கள்

கடைசியாக உங்களைப் பற்றி. எல்லோருடைய பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் சுமந்து கொண்டு வேலிக்கு வெளியே நிற்பவள் யார்? உம்மாதான். படம் எடுப்பவளும் அவளே. அதனால் எந்தப் படத்திலும் அவள் இருக்க மாட்டாள். அவளுடைய டிக்கட்டுக்கும் 300 திர்ஹம் கொடுத்தாயிற்று என்பதை மறந்து விடாதீர்கள்.

பொருள் வைக்கும் பெட்டகம் இருந்தால் பைகளை அதில் பூட்டி விடுங்கள். சிறு குழந்தை இருந்தால், ஒருவர் குழந்தையோடு நிற்க மற்றவர் சவாரி செய்து வந்து, பிறகு இருவரும் இடம் மாறும் வசதியைப் பெரிய பூங்காக்கள் பலவற்றில் தருகிறார்கள். இரண்டாவது ஆள் மீண்டும் நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை. வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். மூத்த மகளிடம் தொலைபேசியைக் கொடுத்து, "உம்மாவையும் வாப்பாவையும் ஒரு படம் எடு" என்று சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுங்கள். இன்னொரு பிரதியை அவர் தங்கும் அறைக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த விடுமுறை வரைக்கும் இரண்டு வீட்டுச் சுவரிலும் அது இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.