கபிலா: பட்டுக்குச் சாயம், பாதிரியாருக்குப் பெயர்

ஆரணிப் பட்டுக்கு இன்று செயற்கைச் சாயமே பெரிதும் பயன்படுகிறது. அச்சாயங்கள் வருமுன் இந்தியாவில் பட்டுக்குச் செம்மஞ்சள் நிறம் தந்த மரங்களுள் ஒன்று கபிலா. இதன் காய்களின் மேல் செந்நிறப் பொடி படிந்திருக்கும். முற்றிய காய்களைக் கூடையிலிட்டுக் குலுக்கித் தேய்த்தால் பொடி உதிரும். வெறும் தண்ணீரில் அது எளிதில் கரையாது. சோடா உப்புச் சேர்த்துக் காய்ச்சினால் சாயம் இறங்கிப் பட்டிழையில் பிடிக்கும்.

நிலைக்காத பெயர்
தாவரவியலர் வில்லியம் ராக்ஸ்பரோ இம்மரத்தை ‘ராட்லெரா டிங்டோரியா’ என்றார். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜே.பி. ராட்லர் பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர் இது. செடிகளைச் சேகரித்த ராட்லர், தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தவர். ஆனால் தாவரவியலில் முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. ‘பிலிப்பென்சிஸ்’ என்ற சிற்றினப் பெயர் 1786இலும், ‘மலோட்டஸ்’ என்ற பேரினப் பெயர் 1790இலும் வெளியாகிவிட்டதால், மரம் இன்று மலோட்டஸ் பிலிப்பென்சிஸ்.

நிலைத்த பெயர்
ராட்லர் பெயர் நிலைக்காவிட்டாலும், கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் ஒருவர் நிலைத்துவிட்டார். அவர் ஆற்காடு நவாபிடம் பணிபுரிந்த ஜே.ஜி. கோனிக். அவருடைய ஆசிரியர் லின்னேயஸ் 1771இல் செடிக்கு ‘பெர்கெரா கோனிகீ’ எனப் பெயரிட்டார். 1825இல் அது ‘முராயா’ பேரினத்துக்கு மாறியது. மரபணு ஆய்வுகளுக்குப் பின் பல வல்லுநர்கள் அதை மீண்டும் பெர்கெராவில் சேர்க்கின்றனர். பேரினம் மாறினாலும் முதலில் இட்ட சிற்றினப் பெயர் தொடர வேண்டும் என்பது விதி. அதனால் கோனிக் பெயர் நீடிக்கிறது.