மேலே சுற்றும் ஃபேனுக்குச் செவிடு

மயிலாப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேத்தியின் வீணையைப் பதிவு செய்ய ஸ்டீரியோ ரிப்பன் மைக் ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்கிறோம். கொடுத்தவர், 'ஊதாதே, படுக்க வைக்காதே, 48 வோல்ட் போடாதே' என்று மூன்று கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இது மைக்கா, பச்சைக் குழந்தையா?"

பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்கலாம். இதை அப்படியும் செய்யக் கூடாது.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ரிப்பன் என்ற ஓர் அலுமினியப் பட்டை தொங்குகிறது. அகலம் சில மில்லிமீட்டர், தடிமன் பெரும்பாலும் 2 முதல் 2.5 மைக்ரான். சப்பாத்தி சுற்றும் ஃபாயில்கூட இதைவிட நாலைந்து மடங்கு தடி. ஒலி பட்டையை ஆட்டுகிறது. காந்தப்புலத்தில் ஆடும் உலோகத்தில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளிக்கூடப் பாடம், விட்டுவிடுவோம்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. மொட்டை மாடிக் கொடியில் காயும் வேஷ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று முன்னாலிருந்து வீசினால் வேஷ்டி பின்னால் போகும். பின்னாலிருந்து வீசினால் முன்னால் வரும். கொடியின் வாக்கிலேயே, விளிம்பைப் பார்த்து வீசினால்? இரு பக்கமும் ஒரே தள்ளு. வேஷ்டி அசையாது. (நிஜ வேஷ்டி படபடக்கும். ஒலி அலை கடற்காற்று இல்லை, மன்னியுங்கள்.) ரிப்பன் மைக்கும் அப்படித்தான். முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும்; விளிம்புப் பக்கம் முழுச் செவிடு. கேட்கும் பரப்பை வரைந்தால் எட்டு என்ற எண் வரும்.

வேஷ்டியை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். கிளிப்பை இறுக்கி விறைப்பாகக் கட்டினால் வேஷ்டி மெல்லிய காற்றுக்கு அசையாது. ரிப்பனும் கீழ்ஸ்தாயியை இழந்துவிடும். தளர்வாகக் கட்டினால் தொய்ந்து பக்கத்துச் சுவரில் உரசும். ரிப்பன் காந்த முனையில் உரசும். ஆடிக் காற்று ஒரே வீச்சில் வேஷ்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய்விடும். அந்த ஆடிக் காற்று நம் வாயிலேயே இருக்கிறது. சபாவில் மைக் கிடைத்ததும் 'ஃபூ, ஃபூ' என்று ஊதித் தட்டிப் பார்ப்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பல வருடங்களுக்கு முன் தி. நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நானும் ஊதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினீயர் எதுவும் பேசவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஸ்டீரியோவுக்கு வருவோம். ஒரே குழலுக்குள் இரண்டு ரிப்பன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று 45 டிகிரி இடப்பக்கம் பார்க்கும், மற்றது 45 டிகிரி வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே சரியாக 90 டிகிரி. ஆகவே ஒன்றின் நேர்முகம் மற்றதன் விளிம்பு. 45 டிகிரி இடப்பக்கம் வயலின் இருந்தால் இடது ரிப்பன் முழுதாகக் கேட்கும், வலதுக்கு ஒன்றும் கேட்காது. பாடகர் நடுவில் இருந்தால் இரண்டுக்கும் 0.707. கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறதே என்பீர்கள். ஒலியின் சக்திக்கு வர்க்கத்தைக் கூட்ட வேண்டும்: அரை, அரை, மொத்தம் ஒன்று. மைக்கைச் சுற்றி வட்டமாக யார் நடந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை ஒன்றுதான். பைதகரஸ் தேற்றம் கச்சேரி மேடையில் உட்கார்ந்து தாளம் போடுகிறது.

இதைவிட ரசமானது மேலே இருக்கிறது. இரண்டு ரிப்பன்களும் செங்குத்தாக நிற்பதால், நேர் மேலிருந்து வரும் ஒலிக்கு இரண்டின் விளிம்பும்தான் தெரியும். அதாவது நம் வீட்டுக் கூடத்தில், ஓடும் ஃபேனுக்கு நேர் கீழே இந்த மைக்கை நிறுத்தினால், ஃபேனிலிருந்து நேராக இறங்கும் சத்தத்துக்கு இரண்டு காதும் செவிடு. வீணையைப் பார்க்கட்டும் என்று மைக்கைச் சாய்த்தீர்களானால் இந்தச் சலுகை போய்விடும். ஆனால் காற்று? அது ரிப்பனை ஆட்டி உறுமல் கிளப்பும். ஆகவே ஃபேனை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும், வேர்வையோடு வாசிக்க வேண்டியதுதான். அழகான தத்துவத்துக்குச் சென்னையில் இவ்வளவுதான் மரியாதை.

பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. சபாவில் வைத்தால் ரசிகர்களும் அதே சத்தத்தில் பதிவாவார்கள், அதுவும் இடம் மாறி. இடப்பக்கப் பின்வரிசை மாமாவின் இருமல் வலது ஸ்பீக்கரில் வரும்.

விளம்பரங்களில் ரிப்பனுக்கு அடைமொழி 'கதகதப்பு'. சென்னையில் கதகதப்புக்கா பஞ்சம்! ரிப்பனுக்கு மேல்ஸ்தாயி மெல்லச் சரிகிறது. கிட்டே வைத்தால் கீழ்ஸ்தாயி ஊதிப்போகிறது. பல கண்டென்சர் மைக்குகள் மேல்ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும். தம்புரா தகரமாக ஒலிக்கும். ரிப்பனில் அந்தத் தொல்லை குறைவு. இதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை. ஓர் உதாரணம்: இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், கிட்டார் கலைஞர்கள் விஸ்வமோகன் பட், ரை கூடர் இருவரையும் 1992இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். 1994இல் கிராமி விருது பெற்ற 'எ மீட்டிங் பை த ரிவர்' அதுதான். அங்கே இருந்ததும் இதே 90 டிகிரி குறுக்கு வைப்புதான். மைக்குகளோ ரிப்பன் அல்ல, வால்வு மைக்குகள். எனவே பாராட்டில் பெரும்பங்கு அலுமினியத்துக்கு இல்லை, 90 டிகிரிக்குத்தான் சேரும்.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் ரிப்பனைத் தொடங்கினார்கள், 1930களில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் அதை வானொலிக்கும் சினிமாவுக்கும் உகந்ததாக்கினார். பழைய தமிழ்ப் படங்களின் டைட்டிலில் 'ஆர்.சி.ஏ. சவுண்ட் சிஸ்டம்' என்று பார்த்திருப்பீர்களே, அதே நிறுவனம். குறுக்கு வைப்பு ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயருடையது. 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 28. அந்த அக்டோபரில்தான் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' சென்னையில் வெளியாகியிருந்தது. போதும்.

இனி மூன்று கட்டளைகள். ஊதுவதைப் பார்த்தாயிற்று. அதே காரணத்துக்காக, மைக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கும்போது துணிப்பை போட்டு மூடுங்கள். வேகமாக நடந்தாலே அதற்குக் காற்றுதான். பெட்டி மூடியை 'டப்' என்று அறைந்து சாத்தாதீர்கள், உள்ளே அமுங்கும் காற்றும் ரிப்பனைத்தான் தாக்கும். படுக்க வைத்தால் நாளடைவில் தன் எடையிலேயே தொய்யும். நிற்க வைத்தே பூட்டுங்கள். கடலோர ஈரத்துக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். இரும்புத்தூள் பறக்கும் பட்டறை மேஜை ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் காந்தம் தூளை இழுத்துக்கொள்ளும், அந்தத் தூள் ரிப்பனை உரசும். ரிப்பன் மாற்றுகிறவர்கள் இரும்புச் சாமணம்கூடத் தொடுவதில்லை. பல் சக்கரங்களுக்கு நடுவே பட்டையை உருட்டி மடிப்பு எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டுவார்கள்.

48 வோல்ட் கண்டென்சர் மைக்கின் சாப்பாடு. கேபிள் ஒழுங்காக இருந்தால் இரண்டு கம்பியிலும் ஒரே அழுத்தம். ரிப்பனுக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு கம்பி அறுந்தாலோ, மாறிச் சேர்ந்தாலோ, ஓடும்போதே சொருகினாலோ, ஒரு துடிப்பு பாய்ந்து ரிப்பனை விசிறியடிக்கும். பல ஸ்டீரியோ மைக்குகளில் ஐந்து முள் கேபிள் இரண்டாகப் பிரிகிறது, தப்பாகச் சேர்க்க இன்னொரு இடம். உள்ளேயே மின்சுற்று உள்ள சில மாடல்களுக்கு மட்டும் அந்த 48 வோல்ட் வேண்டும், கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீணைக்கு மூன்று நான்கடி தள்ளி நிறுத்துங்கள். ப்ரீஆம்ப் கெயினை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள். பதிவுக்கு முன் ஒரு விளையாட்டு. பேத்தியை மைக்கைச் சுற்றிப் பாடிக்கொண்டே நடக்கச் சொல்லிவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். சரியாகப் பக்கவாட்டுக்கு வரும்போது ஒரு ரிப்பனை முன்னிருந்தும் மற்றதைப் பின்னிருந்தும் தள்ளுவாள். அந்த நேரம் பார்த்து மோனோ பட்டனை அமுக்கினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். பேத்தி காணாமல் போவாள், சுவரில் பட்டு வரும் எதிரொலி மட்டும் மிஞ்சும். கவலை வேண்டாம், இரண்டடி நகர்ந்தால் திரும்பி வந்துவிடுவாள்.