பயிர்க்காவல் துப்பாக்கியும் அதற்குரிய சட்டமும்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் முதலிய தாலூகாக்களின் காட்டோரக் கிராமங்களில் நிலக்கடலையும் மரவள்ளியும் கேழ்வரகும் பயிரிடும் குடியானவர்களுக்கு, மழைக்குறைவைக் காட்டிலும் காட்டுப் பன்றியின் உபத்திரவமே பெரிதாய்த் தோன்றும் காலமுண்டு. ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்தால் கடலைக்கொல்லை மூக்கால் உழப்பட்டுக் கிடக்கும். பரண் கட்டித் தகரம் தட்டுவதும் பந்தம் பிடிப்பதும் சில நாட்களே பயன்படும். பின்னர்ப் பன்றி அவற்றிற்கு அஞ்சாது. ஆகையால் துப்பாக்கி வேண்டுமென்னும் பேச்சும், சர்க்கார் அதைக் கொடாதென்னும் பேச்சும் ஒருங்கே எழுகின்றன. இவற்றுள் பின்னது முற்றும் சரியன்று.

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்நாட்டாருக்கு மட்டும் லைசென்ஸைக் கட்டாயமாக்கிற்று. அதற்குப் பதிலாக 1959-இல் இயற்றப்பட்டு 1962-இல் அமுலுக்கு வந்த சட்டம், உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க 13-ஆம் பிரிவில் இடமளிக்கின்றது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறுவகைத் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். போதிய சொத்தில்லை என்பதையே காரணமாகக் கொண்டு மறுத்தல் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்கவேண்டும்; அப்பீலும் உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருந்தும், போலீஸ் விசாரணையின்றி லைசென்ஸ் கிடையாது. அவ்விசாரணையோ பன்றிக்காகக் காத்திருப்பதில்லை. விதைப்புக்கு முன் கொடுத்த மனு அறுவடைக்குப் பின் முடிவடையுமாயின் அத்துப்பாக்கி யாருக்கு உதவும்? மேலும், வாங்கக்கூடிய மருந்தின் அளவும் லைசென்ஸிலேயே குறிக்கப்படுகின்றது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க நேர்கின்றது. 2024-இல் மார்ச் 16 அன்று பார்லிமெண்டுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இங்கே ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தும், முடிவு வெளியானது ஜூன் 4 அன்றே. பன்றிக்குத் தேர்தல் இல்லை.

மற்றொன்றையும் நன்கு அறியவேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் பன்றியைக் கொல்ல அனுமதியாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி அதற்கு வனத்துறையின் தனி உத்தரவு வேண்டும். அது இல்லாதவர் வெற்று மருந்து கெட்டித்துச் சத்தமிட்டு விரட்டுவதோடு நிற்கவேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு ஒரு ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்லலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். அதற்கப்பால் வனத்துறையினரே சுடுவர். காட்டை ஒட்டிய நிலத்துக்காரனுக்கே சேதம் அதிகம். ஏற்பாட்டின் பயன் மிகக் குறைவாய்ச் சேர்வதும் அவனுக்கே. இக்குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நேர்வழி இப்படி நீளுவதால் சிலர் குறுக்குவழி தேடுகின்றனர். அவுட்டுக்காய் பன்றி, யானை, மாடு என்று பாராது வாயைச் சிதைக்கும். லைசென்ஸில்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பின், 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி 2 முதல் 5 வருஷம் சிறை. கள்ள மின்சாரக் கம்பியோ யாவற்றிலும் கொடியது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிக்கு அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தப்பின. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் அடுத்த நிலத்தானும் அக்கம்பியை மிதிக்கக்கூடும். சூரிய சக்தி வேலி உயிரைப் போக்காது அதிர்ச்சி மட்டும் தருவது. எனினும், 2023-ஆம் வருஷத்து விதிகளின்படி காட்டோரங்களில் அதற்கும் பதிவு வேண்டும்.

லைசென்ஸ் கோருவோர் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களுடன், முந்திய பருவத்துச் சேதத்தைக் குறித்து வனத்துறைக்கும் கிராம நிர்வாக அதிகாரிக்கும் கொடுத்த மனுக்களின் நகலையும் இணைப்பது நலம். 21 வயது நிரம்பியிருத்தல் அவசியம். ஆனியில் விதைப்பவர் தை மாதத்திலேயே மனுவைக் கொடுத்து, தேதியிட்ட ரசீது பெற்றுக்கொள்க. லைசென்ஸ் இப்போது 5 வருஷத்துக்குச் செல்லும். காலம் முடியுமுன் புதுப்பிக்கவேண்டும். தேர்தலின்போது ஒப்படைத்த துப்பாக்கியை ரசீது காட்டித் திரும்பப் பெறலாம்.